நாலு விரல் தூக்கிய வேன்

இதை எழுதலாம் என்று நோட்டை எடுப்பதும், விபூதி பூசிக்கொண்டு உட்காருவதும், முதல் வரியிலேயே மூடிவிட்டு எழுந்து போவதுமாக எனக்கு ஏழு வருஷம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்து வராது என்று வீட்டில் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எங்கள் தெருக் கோயில் திருவிழா நோட்டீசை நான்தான் எழுதுகிறேன். எழுத்து வராமல் இல்லை. இதை எழுதினால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துபோகும். அதற்குத்தான் பயந்தேன்.

எனக்கு ஊர் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை. வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். என் வேன் காட்டுப் பாதைக்கென்றே செய்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வாரத்தில் இரண்டு நாள் ஜவ்வாது மலைமேல் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்கு அரிசி, மளிகை, சிமெண்டு ஏற்றிப் போவேன். இறங்கும்போது புளியும் சாமையும் வரும். மீதி நாளில், நடக்க முடியாத பெரியவர்களை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் அண்ணாமலையாரைச் சுற்றி வருவேன். பௌர்ணமிக்கு அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். மற்ற நாளில் தினம் ஒரு சுற்று உண்டு, சில நாள் இரண்டு.

அந்தச் சுற்றுக்காக வேனுக்குள் ஒரு மாற்றம் செய்து வைத்திருந்தேன். முதலில் உள்ளே இரண்டு நீள பெஞ்சுகள் எதிரெதிரே இருந்தன. மலையை வலம் வரும்போது மலை எப்போதும் வலது பக்கம்தான் இருக்கும். வலது பெஞ்சில் உட்காருகிறவர்கள் அண்ணாமலையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றுகிறார்களே என்று எனக்கு மனசு உறுத்தியது. ஒரு நாள் அந்தப் பெஞ்சைக் கழற்றிவிட்டேன். இடது பக்கத்தில் மட்டும் கனமான இரும்புச் சட்டம் போட்டு, இரண்டு படியாக அகலமான பெஞ்சு அடித்தேன். எட்டுப் பேர், பத்துப் பேர், எல்லாரும் மலையைப் பார்த்தபடி உட்காரலாம். ஏறுகிற பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

மலைப் பாதையில்தான் பிரச்சினை. ஜவ்வாது மலையில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஒரு மழைக்குப் பிறகு கற்கள் புரண்டு மேடாகிவிட்டன. வேனின் அடி கல்லில் தட்டி, ஆயில் ஒழுகி, அரிசி மூட்டைகளோடு அங்கேயே நின்றுவிட்டேன். மேல் ஊர்க்காரர்கள் வந்து மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். "வண்டிய கொஞ்சம் தூக்கிக் கட்டுங்க, இல்லனா எங்கள நம்பிப் பொழைக்காதீங்க" என்று அதில் ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியைத் தூக்குவது என்றால் வேறொன்றுமில்லை. சக்கரத்துக்கு மேல் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த அடுக்கில் புதுப் பட்டைகள் சேர்த்து, நீளமான போல்ட் போட்டு இறுக்கினால் வண்டியின் உடம்பு சக்கரத்திலிருந்து மேலே எழும்பி நிற்கும். அந்த வேலைக்கு வேங்கிக்கால் தாண்டி ஒரு மேஸ்திரி இருந்தார். தனி ஆள். தகரக் கொட்டகை, உலை, சம்மட்டி, அவ்வளவுதான். எங்கள் வேன் ஸ்டாண்டில் இருந்த வண்டிகள் எல்லாம் அவரிடம்தான் போகும். என் மனைவிக்கு அவர் ஊர்க்காரர். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கு மட்டும் அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அவர் விபூதி வைப்பதில்லை. நான் என்ன கேட்டாலும் பாதி பதில்தான் வரும். தவிர, சந்தேகம் என் பிறவிக் குணம். கோயிலுக்குப் போனால் செருப்பு இரண்டையும் ஒரே இடத்தில் விடமாட்டேன். ஒன்றை இந்த மூலையிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் விட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடப் போவேன்.

"எவ்ளோ தூக்கணும் சாமி?" என்றார் மேஸ்திரி. என் நெற்றி விபூதியைப் பார்த்து, ஸ்டாண்டில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி அவரும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

நாலு விரலைக் காட்டினேன்.

"உங்க விரலா, என் விரலா?"

"யாரு விரலா இருந்தா இன்னா?"

"என் விரல்னா ஜாஸ்தி வரும். அப்புறம் வளைவுல வண்டி ஆடும், என்னைத்தான் திட்டுவீங்க. உங்க விரலே இருக்கட்டும்."

வண்டியை அவரிடம் விட்டுவிட்டு வருவதற்கு முன் ஒரு யோசனை செய்தேன். பழைய பட்டைகளை அவர் கழற்றி வேறு வண்டிக்குக் கட்டிவிட்டு, எனக்கு எங்கேயாவது கிடந்த துருப்பிடித்ததை மாட்டிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அதனால், "வண்டியப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு பூஜை போட்டுடறேன் மேஸ்திரி" என்று சொல்லி, கோணிப்பையை விரித்து வேனுக்கு அடியில் படுத்தேன். பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் மேலே இருந்த ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பொட்டு வைத்தேன். மேஸ்திரி பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒண்ணு வுட்டுட்டீங்க சாமி," என்றார் கடைசியில். வெளிச்சத்தை அந்தப் பட்டைமேல் நகர்த்தினார். அதற்கும் வைத்தேன்.

வண்டி அங்கே இருந்த மூன்று நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். துண்டை மறந்துவிட்டேன் என்று எடுக்கப் போனேன். வேனில் இருந்த சாமி படத்துக்குப் பூ மாற்றப் போனேன். மூன்றாம் நாள் காலை மேஸ்திரி என்னை அழைத்துக் காட்டினார்.

"இடது பக்கம் பழைய பட்டையெல்லாம் படுத்துப் போச்சு சாமி. வளைவே இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி புதுசு சேத்தாலும் இந்தப் பக்கம் கம்மியாத்தான் நிக்கும். இன்னும் ரெண்டு நாள் வுடுங்க. பொறுமையா காய்ச்சி அடிச்சு ஏத்தறேன்."

இன்னும் ரெண்டு நாள் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. திருடப் போகிறவன்தான் முன்னாலேயே காரணம் சொல்லி வைப்பான் என்று மனசு சொல்லியது.

"நாளைக்கு மலைக்கு லோடு. இன்னிக்கு சாயந்திரமே எனக்கு வண்டி வேணும் மேஸ்திரி."

"அப்ப முடிஞ்சத செய்யறேன். ஒரு வாரம் ஓட்டிட்டு கொண்டாங்க, பாக்கலாம்."

சாயந்திரம் போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். பக்கத்து டீக்கடை அம்மாவிடம் சாவி இருந்தது. அந்த அம்மா சாவியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "காலையிலேர்ந்து டீ கூட குடிக்கலண்ணா மனுஷன். இடது பக்கத்துப் பட்டைய எல்லாம் தூக்கிட்டு இப்பத்தான் போனாரு."

"இன்னாம்மா சொல்றீங்க?"

"ஆமாண்ணா. ஒண்ணு வுடல. எல்லாத்தையும் தூக்கிட்டாரு."

எங்கள் பக்கத்துப் பேச்சில் தூக்கிட்டான் என்றால் உயர்த்திவிட்டான் என்றும் அர்த்தம், திருடிவிட்டான் என்றும் அர்த்தம். ஒரு மாதமாக நானே ஊரெல்லாம் வண்டியைத் தூக்கணும், வண்டியைத் தூக்கணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நிமிஷம் என் காதில் இரண்டாவது அர்த்தம்தான் விழுந்தது. அந்த அம்மா சிரித்த முகமாகச் சொன்னது கூட, எனக்கு ஜாடையாகத் தெரிவிக்கிறார் என்றே பட்டது.

உடனே அடியில் படுத்துப் பார்த்தேன். வலது பக்கம் நான் வைத்த பொட்டுகள் அப்படியே இருந்தன. இடது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

மேஸ்திரி வருகிற வரை நான் நிற்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏமாற்றுவான், ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மலையில் அந்த ஓடையை ஒரு கல்லும் தட்டாமல் தாண்டினேன். மேல் ஊர் ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமே இல்லை. காது முழுக்க இடது பக்கம் ஏதாவது சத்தம் வருகிறதா என்பதிலேயே இருந்தது. ஒரு வாரம் போனதும் வண்டி இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கிரிவலத்துக்கு ஏறிய ஒரு பெரியவர், "ஏம்பா, உன் வண்டி யாரு கிட்டயோ ரகசியம் கேக்கற மாதிரி நிக்குது" என்றார்.

கயிறு வைத்து அளந்தேன். வலது பக்கம் சரியாக நாலு விரல் உயர்ந்திருந்தது. இடது பக்கம் இரண்டரை.

"தெருவே சாக்கடைப் பக்கம் சாஞ்சுதான் கிடக்குது. வண்டி மட்டும் நேரா நிக்குமா?" என்றாள் என் மனைவி.

வண்டியைத் திருப்பி நிறுத்தி அளந்தேன். பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் அளந்தேன். எங்கே அளந்தாலும் இடது பக்கம்தான் கம்மி.

"எங்கண்ணன் அப்படிச் செய்யறவரு இல்ல. போய் நேரா கேளுங்க," என்றாள் அவள்.

நேராகக் கேட்கவில்லை. ஸ்டாண்டில் நாலு டிரைவர்கள் இருக்கும்போது ஒரு வார்த்தை சொன்னேன். "மேஸ்திரி நம்ம வண்டில கை வெச்சிட்டாரு போல." அவ்வளவுதான் நான் சொன்னது. போல என்றுகூடச் சேர்த்துத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை வைத்து என்னை நானே நல்லவனாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் அந்தப் பேச்சு என்னிடமே திரும்பி வந்தது. இப்போது மூன்று வேனில் பட்டை போயிருந்தது. அதற்கடுத்த வாரம், கழற்றிய பட்டைகளெல்லாம் வேலூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போகிறதாம். இதைச் சொன்னவருக்கு நான்தான் முதலில் சொன்னவன் என்று தெரியாது. "உங்களுக்குத் தெரியுமா சாமி?" என்று என்னிடமே கேட்டார். தலையை ஆட்டினேன். எனக்குக்கூட உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது. இத்தனை பேர் சொல்கிறார்களே.

ஸ்டாண்டு வேன்கள் அவரிடம் போவது நின்றது. பாதி வேலையில் இருந்த தன் வண்டியை ஒருத்தர் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேறு யாரை வைத்தும் அவருக்குப் பிழைப்பு இல்லை. அது எனக்குத் தெரியும்.

நான் சூடமும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு ஒரு காலையில் கொட்டகைக்குப் போனேன். உலை மூட்டாமல் இருந்தது. ஆணிப் பெட்டியைக் கவிழ்த்து, ஆணிகளைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, என் பட்டைய நீங்க எடுக்கலன்னா அண்ணாமலையார் இருக்கற திக்கப் பாத்து இந்தச் சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவர் சூடத்தைப் பார்த்தார். "பண்ண மாட்டேன்," என்றார்.

"ஏன்?"

"நான் எடுக்கலன்னு வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. சூடம் சொன்னா நம்புவீங்க. அப்புறம் எனக்கு எதுக்கு வாய்?"

"பொட்டு இருந்துச்சு மேஸ்திரி. இடது பக்கம் காணோம்."

"பொட்டு எதுக்கு வெச்சீங்கன்னு அன்னிக்கே தெரியும் சாமி. டார்ச் அடிச்சதே நான்தான." ஆணிகளை மறுபடியும் பிரிக்க ஆரம்பித்தார். "பட்டையக் காய்ச்சினா குங்குமம் நிக்குமா?"

இந்தப் பதிலையும் நான் நம்பவில்லை. உத்தமன் என்றால் சூடம் அணைக்க என்ன பயம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டில் கேட்டார்கள். "சத்தியம் பண்ணலப்பா" என்று சொன்னேன். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

சாய்ந்த வண்டியோடு மலை ஏற முடியாது. போளூரில் என்னை யாருக்கும் தெரியாத ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, என் கண்ணெதிரில் ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொன்னேன். அங்கிருந்த மெக்கானிக் வயதில் சின்னவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பிரித்து வரிசையாகத் தரையில் அடுக்கினார். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருந்தது. பழைய பட்டைகளைச் சாக்குத் துணியால் துடைத்துக் காட்டினார். இரண்டு பக்கத்திலும் ஒரே கம்பெனி முத்திரை, ஒரே எண்.

"எல்லாம் வண்டியோட வந்த பட்டைதாண்ணா. எவன் எடுத்தான்றீங்க?" இடது பக்கப் பட்டை ஒன்றைத் தூக்கி வெயிலில் சாய்த்தார். "இதப் பாருங்க. சம்மட்டித் தடம். ஒவ்வொண்ணையும் காய்ச்சி அடிச்சு வளைவு ஏத்தியிருக்காங்க. வேலை தெரிஞ்ச கை. ஆனா அவசரத்துல செஞ்சது, சூடு சரியா ஆறல. மறுபடி படுத்துருச்சு."

எனக்கு அப்போதும் அடங்கவில்லை. "வேங்கிக்கால் மேஸ்திரியும் நீங்களும் பழக்கமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேங்கிக்கால்ல எனக்குக் கலெக்டர் ஆபீஸ்தாண்ணா பழக்கம். அங்கயும் மனு வாங்கி வெச்சுக்கினு அனுப்பிட்டாங்க." பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "அது சரி, பெஞ்சு ஏன் இந்தப் பக்கம் மட்டும் இருக்கு?"

சொன்னேன். மலைக்கு முதுகு காட்டக் கூடாது என்பதற்காக என்று.

"எத்தன வருஷமா?"

"ஆறு வருஷம்."

"தெனம் பத்துப் பேரு?"

"பத்துப் பேரு."

அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் இருந்த கரியை முழங்கையால் துடைத்துக்கொண்டார். "மலை வலது பக்கம். ஜனம், பெஞ்சு, இரும்பு எல்லாம் இடது பக்கம். போதாததுக்கு வலமா சுத்தறப்போ பாரம் இடது பக்கம்தான் தள்ளும். பட்டை இன்னா பண்ணும்ணா? அதுவும் இரும்புதான."

நான் பட்டறை வாசலில் இருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடை அம்மா சொன்னது அப்போதுதான் முழுசாக விளங்கியது. டீ கூடக் குடிக்காமல் ஒரு மனுஷன் என் ஒரு நாள் அவசரத்துக்காக அத்தனை பட்டையையும் காய்ச்சி அடித்திருக்கிறார். நான் கேட்காத வேலை அது. பொட்டு போனதே அதனால்தான். நான் திருட்டுக்கு ஆதாரம் என்று வைத்திருந்த ஒவ்வொன்றும் அவர் செய்த வேலைக்கு ஆதாரம்.

பட்டைகளைச் சரிசெய்து மாட்டியதும் நேராக வேங்கிக்காலுக்கு ஓட்டினேன். காலில் விழப் போனேன். என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் எனக்கு வாணாம் சாமி. நான் நல்லவன்னு போர்டு எழுதி வெக்கவும் சொல்லல. ஸ்டாண்டுக்குப் போங்க. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. எனக்கு அது போதும்."

போனேன். இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது. ஸ்டாண்டில் எல்லாரும் இருந்தார்கள். நான் வாயைத் திறந்தபோது குங்குமப் பொட்டைச் சொல்ல வரவில்லை. சாமி என்று கூப்பிடுகிறவர்களிடம், பூஜை என்று பொய் சொல்லி அடியில் படுத்தேன் என்று எப்படிச் சொல்வது? பெஞ்சையும் சொல்லவில்லை. பெரியவர்கள் கும்பிட்ட பெஞ்சு. டீக்கடை அம்மா சொன்னதைத் தப்பாகக் கேட்டதையும் விட்டுவிட்டேன். "மேஸ்திரி விஷயம் ஏதோ கொஞ்சம் தப்பாப் புரிஞ்சுபோச்சு. நாங்க பேசி முடிச்சிட்டோம். அவர் மேல கோவம் எதுவும் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்து மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

"என்னை மன்னிச்சுட்டீங்களாமே சாமி," என்றார்.

"நான் அப்படிச் சொல்லல மேஸ்திரி."

"சாமி பெரிய மனசு பண்ணி மன்னிச்சு வுட்டுட்டாருன்னு டீக்கடையில பேசிக்கறாங்க. எடுத்தவனத்தான மன்னிப்பாங்க?" அவர் கோபமாகப் பேசவில்லை. பிறகு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தரையும் தனியாகப் பிடித்து முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். குங்குமம், பெஞ்சு, எல்லாம் சேர்த்து. "வுடுங்க சாமி, நீங்க எறங்கிப் போறீங்க, உங்க குணம் அது" என்றார்கள். நான் சொல்லச் சொல்ல எனக்குத்தான் நல்ல பேர் ஏறியது. ஐந்து மாதத்தில் அவர் கொட்டகையைக் காலி செய்தார். இப்போது செங்கம் பக்கம் ஒரு பட்டறையில் இன்னொருத்தருக்குக் கீழே வேலை செய்கிறார். அங்கே போய்விட்டு வந்த ஒரு டிரைவர் போன மாதம் என்னிடம் சொன்னார்: "உங்க பட்டைய எடுத்தாரே, அந்த மேஸ்திரிய பாத்தேன்." ஏழு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பேர்தான் அவருக்கு இருக்கிறது. அன்றைக்குத்தான் நோட்டை எடுத்து முழுசாக எழுதினேன். என் மனைவி படித்துப் பார்த்து, ஏதாவது விட்டுப்போனதா என்று சரி பார்த்தாள். இரண்டு இடத்தில் நான் என்னை நல்லவனாகக் காட்டியிருந்தேன். அவள் சொல்லி அடித்துத் திருத்தினேன்.

வலது பக்கப் பெஞ்சைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். அதில் உட்காருகிறவர்களிடம், முதுகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தலையைத் திருப்பிக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அண்ணாமலையார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு யார் என்று தெரியும். அவர்கள் முதலில் படிக்க வேண்டும். மற்றவர்கள் யாராவது படித்து இன்னொருத்தரிடம் சொல்வதாக இருந்தால், உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாமல் விட வேண்டாம். ஆனால் ஒன்றும் சேர்க்க வேண்டாம், ஒன்றும் விட வேண்டாம். அவர் சாபம் விட்டதாகச் சொல்ல வேண்டாம், விடவில்லை. சாமி என்னைத் தண்டித்ததாகச் சொல்ல வேண்டாம், அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நான் சௌகரியமாகத்தான் இருக்கிறேன். நான் மனம் திருந்தியவன் என்று ஒரு வரி சேர்த்தால் கதை நன்றாக இருக்கும் என்று தோன்றும். சேர்க்காதீர்கள். அந்த மேஸ்திரி என் வண்டியில் ஒன்றும் எடுக்கவில்லை. எடுத்தார் என்று முதலில் சொன்னவன் நான். இந்த இரண்டையும் இதே வார்த்தையில் சொல்லுங்கள்.